நாலாவது டக்

மார்ச் 4, திங்கள்

காலையில் கொஞ்சம் பனி விழுந்து, பத்து மணிக்குள் கரைந்துவிட்டது. திங்கட்கிழமை ஆயிற்றே, டெல் சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, ரிவால்வர்களுக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிட்டான். மொத்தம் பதினொன்று. எல்லாம் கௌபாய் படங்களால் பேர் வாங்கிய ரகம். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு சின்ன அட்டை தொங்கும்: எந்தப் படம், எந்த வருடம், யார் இடுப்பில் இருந்தது. அந்தப் படங்களை எடுத்த எங்கள் கனாப் ஊரில் பாதிப் பேருடைய அப்பாக்கள் அவற்றில் குதிரையிலிருந்து விழுந்து சம்பாதித்தவர்கள்தான். டெல்லின் அப்பாவும் அப்படித்தான்.

எண்ணெய் போட்டதும் பின்பக்கக் கொக்கியைக் கட்டைவிரலால் மெதுவாக இழுப்பான். டக், டக், டக், டக். அசல் என்றால் நாலு. முன்பு ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்டே, “இது போலி, மூடி வை” என்று ஒரு வியாபாரியிடம் சொன்னான். அந்த ஆள் மத்தியானத்துக்குள் கடையைக் கட்டினான். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கதை. இன்று ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை சொன்னான்.

மார்ச் 19, செவ்வாய்

அலமாரியைத் துடைக்கப் போனேன். மூன்றாவது ரிவால்வரின் உருளையில் பித்தளை மின்னியது. தோட்டா. அந்த அறைக்குள் தோட்டா வரவே கூடாது என்று சட்டம் போட்டவனே அவன்தான்.

“எதுக்கு டெல் இது?”

“வாசல்ல எவனோ நிக்கிறான். காலைலேர்ந்து நோட்டம் பாக்குறான்.”

எட்டிப் பார்த்தேன். தபால்காரர் வெண்டெல். இருபது வருடமாக எங்கள் வீட்டுக்குத் தபால் கொண்டு வருகிறவர்.

“அஞ்சுதான் போட்டிருக்கேன். உருளையில ஆறாவது குழியைக் காலியா விடணும், அதானே முறை? அதுகூடத் தெரியாதா எனக்கு?” என்று என்மேல் எரிந்து விழுந்தான்.

முறை மறக்கவில்லை. வெண்டெலை மறந்துவிட்டான். குளியலறையில் போய் அழுதேன்.

மார்ச் 20, புதன்

தோட்டாவையெல்லாம் டெல்லின் நண்பன் ராய்ஸிடம் கொடுத்தாயிற்று. ஆனால் மறுபடி வாங்கி வர எவ்வளவு நேரமாகும்? கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

மார்ச் 27, புதன்

செயின்ட் ஜார்ஜ் நகரத்தில் டாக்டரைப் பார்த்தோம். டெல்லை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: இந்த மறதி இனி குணமாகாது, மெல்ல மெல்ல அதிகமாகும், துப்பாக்கி எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது.

சாயங்காலம் மகள் ஜோலின் போனில்: “ஒரே நாள்ல எல்லாத்தையும் தூக்கிடும்மா. ரெண்டு நாள்ல அப்பா மறந்துடுவார்.”

மறக்கமாட்டான். அடுப்பை மறப்பான், என் பிறந்தநாளை மறப்பான். அலமாரியில் ஒன்று குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதோடு, அந்த அலமாரி காலியானால் அப்புறம் அவனுக்கு என்னதான் இருக்கிறது? எவனோ திருடிவிட்டான் என்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவான்.

ஏப்ரல் 3, புதன்

ராய்ஸ்தான் வழி சொன்னான். துப்பாக்கி பழுது பார்க்கிறவன், டெல்லோடு முப்பது வருடம் கண்காட்சி கண்காட்சியாகச் சுற்றியவன். ஆகஸ்ட் திருவிழாவில் கௌபாய் தெருச்சண்டை நடிப்பவர்களுக்கென்று சுடவே முடியாத நகல்கள் விற்கிறான். கனம் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். வினிகரும் தேயிலைத் தண்ணீரும் தடவிப் பழசாக்கிக் காட்டினான்.

“கண்ணுக்குப் பிடிபடாது ஆர்லீன். சத்தம்தான் இடிக்குது. இதுல மூணு டக்தான் வரும்.”

“அவன் காதுக்கா?”

“என்ன பண்ண? பாத்துக்கலாம்.”

வாரம் ஒன்றாக மாற்றுவது என்று முடிவு. புதன்கிழமை காலை ராய்ஸ் டெல்லை டிபனுக்கு அழைத்துப் போவான். இன்று முதலாவது. நூலை அவிழ்த்து, அவன் கையால் எழுதிய அட்டையை நகலில் கட்டினேன். அசலை ராய்ஸின் இரும்புப் பெட்டிக்குக் கொண்டு போகத் துணியில் சுற்றினேன். போலியைக் கண்டுபிடிப்பதையே பெருமையாக நினைத்து வாழ்ந்தவன். அவன் வீட்டுக்குள்ளேயே நான் போலியை வைக்கிறேன்.

ஏப்ரல் 8, திங்கள்

எண்ணெய் போடும் நாள். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றேன். நகல் அவன் கைக்கு வந்தது. குழாயை மூடினேன். டக். டக். டக்.

கொஞ்சம் தாமதித்து இன்னொரு டக்.

நாலு! என் காதால் கேட்டேன். ராய்ஸுக்குப் போன் போட்டேன்.

“மூணுதான். நானே எண்ணினேனே!”

“முதல்ல உன் காதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டு,” என்றேன். எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தேன்.

மே 15, புதன்

ஏழு முடிந்தது. திங்கள் தவறாமல் நாலு டக் கேட்கிறது. எப்படி என்று ஆராய எனக்குத் தெம்பு இல்லை.

மே 20, திங்கள்

மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டான். கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

“நீதான் எடுத்திருப்ப. என் சாமான ஒண்ணொண்ணா கடத்துறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? திருடி!”

கண்ணாடி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்து மாட்டிவிட்டேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. நாற்பத்து மூன்று வருடத்தில் அவன் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பொய்யா சொன்னான்? நான் திருடிதானே?

மே 23, வியாழன்

மத்தியானம் அலமாரி முன்னால் உட்கார்ந்து அட்டைகளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். நான் போனதும் கையால் மறைத்துக்கொண்டான். படங்களின் பேர் மறந்துபோகாமல் இருக்க எழுதுகிறான் போலிருக்கிறது, பாவம். காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

கடைசி ஒன்று. அவன் அப்பாவுடையது. அந்த மனுஷன் குதிரையிலிருந்து விழுந்தபோது இடுப்பில் இருந்தது. இடுப்பெலும்பும் போயிற்று, ரிவால்வரின் மரப்பிடியும் விரிந்தது. “இத மட்டும் விட்டுடுவோமே,” என்று ராய்ஸே தயங்கினான். இது மட்டும் சுடாதா என்ன? அதே இடத்தில் அதே விரிசல் போட்டு ஒரு நகல் செய்து கொடுத்தான்.

டெல் டிபன் முடித்து வந்து நேராக அதைத்தான் எடுத்தான். விரிசலைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தான்.

“நல்லாத் தொடச்சு வச்சிருக்க,” என்றான். திரும்ப வைத்துவிட்டு, என் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனான்.

ஜூலை 29, திங்கள்

எண்ணெய் போட மறந்துவிட்டான். நான் ஞாபகப்படுத்தவில்லை.

அக்டோபர் 9, புதன்

இன்று அவனைச் செயின்ட் ஜார்ஜ் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தேன். நகல் ஒன்றையாவது கூட வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். காரில் சமர்த்தாக வந்தான்.

“சாப்பாட்டுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம்ல?”

“வந்துடுவோம் டெல்.”

இன்னொரு பொய்.

நவம்பர் 3, ஞாயிறு

என்னை நர்ஸ் என்று நினைத்தான். “என் பொண்டாட்டி வருவா, அவள உள்ள விடுங்க, நல்லவ,” என்றான். விடுகிறேன் என்று சொன்னேன்.

நவம்பர் 4, திங்கள்

அலமாரியை ஒழிக்க உட்கார்ந்தேன். நகல்களை ராய்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம், அட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். முதலில் அவன் அப்பாவுடையதை எடுத்து நூலை அவிழ்த்தேன். அட்டையின் பின்பக்கம் ஏதோ எழுதியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக ஓடியது.

“இதுவும். பரவாயில்லை.”

எனக்குப் புரியவில்லை. அடுத்ததைத் திருப்பினேன். அடுத்ததை. எல்லாவற்றிலும் எழுதியிருந்தான். மே மாதம் மாற்றிய ஒன்றின் அட்டையில்:

“இதுவும் போலி. அவளைத் திருடி என்று சொல்லிவிட்டேன். அழுதாள். இனிமேல் சொல்லாதே.”

தனக்குத் தானே எழுதி வைத்திருக்கிறான். திங்கள்தோறும் எண்ணெய் போடும்போது படித்துக்கொள்ள. முன்பு மாற்றியவற்றுக்குப் போகப் போக எழுத்து நேராகிக்கொண்டே வந்தது. ஏப்ரலில், நான் முதன்முதலில் மாற்றியதில், என்னைக் கல்யாணம் செய்துகொண்டவனின் எழுத்து அப்படியே இருந்தது:

“இது போலி. ஆர்லீன் மாற்றியிருக்கிறாள். அவள் செய்தது சரி. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மூணு டக்தான் வரும், நாலாவதை நாக்கால் போடு. சமையலறையிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பாள்.”

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மேஜைமேல் அவனுடைய பழைய துண்டை விரித்தேன். அந்த முதல் நகலை எடுத்துக் கொக்கியை இழுத்தேன். டக், டக், டக். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து காத்திருந்தேன்.