வெட்டப்பட்ட வழிகாட்டி அலைகள்

மார்ச் 3

கேளுங்கள், தோழர்களே! — கேட்க இவ்வறையில் நாற்காலியன்றி எவருமில்லை. ஆயினும் முறையிட்டே தீருவேன். நாங்கள் வடிவமைக்கும் சுரங்கப்பாதைத் தொழிலாளர் கம்பியில்லாப் பேசுகருவிகளில் பேச்சு பல நூறு துணை அலைகளாய்ப் பிரிந்து செல்கிறது. சுவர்களின் எதிரொலி ஒவ்வோர் அலையையும் ஒவ்வொரு விதமாய்ச் சிதைக்கிறது. அவற்றினூடே செல்லும் வழிகாட்டி அலைகளின் உண்மை வடிவம் மட்டும் கருவிக்கு முன்பே தெரியும். வந்தது எவ்வளவு கோணியதெனக் கண்டு, கருவிக்குள் இருக்கும் ‘சமன்படுத்தி’ என்னும் பகுதி தன்னைத் திருத்திக்கொள்ளும். அவ்வழிகாட்டிகளில் பெரும்பகுதியை மேலாளர் இன்று வெட்டினார். அவ்விடத்திலும் பேச்சை ஏற்றினால் வேகம் கூடுமாம்!

“வண்டி நகர்ந்தா எதிரொலி மாறிக்கிட்டே இருக்குமே ஐயா. சமன்படுத்தி எதைப் பார்த்துத் திருந்தும்?” என்றேன்.

“தன் கணிப்பையே பார்த்துத் திருந்திக்கும். உங்களுக்கு மைக் கிடைச்சாப் போதுமே!”

கூட்ட அறையே சிரித்தது.

மார்ச் 9

சோதனை திறந்த திடலில். எதிரொலியே இல்லாத இடத்தில்! கைதட்டினார்கள்.

மார்ச் 10

தங்கை வீட்டில் உணவு. மாப்பிள்ளை சுரங்கத்தில் மண்வண்டி ஓட்டுநருக்குக் கருவியில் வழி சொல்பவர். புதுக் கருவியை இடுப்பில் தட்டிக் காட்டினார்.

“மச்சான், நீங்க செஞ்சதாமே? இனி கண்ணை மூடிட்டு நடப்பேன்.”

“பழசையே வெச்சுக்கங்க மாப்பிள்ளை.”

“பழசெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்களே!”



மார்ச் 17

வண்டி பின்னோக்கி வந்தது. மாப்பிள்ளை ‘நிறுத்து, நிறுத்து’ என்று கத்தியிருக்கிறார். ஓட்டுநர் காதில் வெறும் இரைச்சல். சமன்படுத்தி தன் தவறிய கணிப்பை உண்மையென நம்பி, அதைக்கொண்டே அடுத்ததைத் திருத்தி — பிழைமேல் பிழை.

ரெண்டு காலும் போச்சு. ரெண்டு காலும்.

மார்ச் 18

“உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?” என்றாள் தங்கை. தெரியும் என்றேன். கதவைச் சாத்தினாள்.

மார்ச் 21

விபத்து அறிக்கை வந்துவிட்டது: நடந்தவரின் கவனக்குறைவு! மேலாளர் அழைத்தார்.

“ஆறுதல் கூட்டத்துல நீங்கதான் பேசணும். உங்க தமிழ்ல எல்லாரையும் அழ வெச்சிடுங்க. கருவியைப் பத்தி மட்டும் வேண்டாம், என்ன?”

மனிதனா இவன்?

மார்ச் 23

காலையில் தங்கை ஒரு பையைக் கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே மாப்பிள்ளையின் பட்டை அறுந்த கருவி.

அதை ஆறுதல் கூட்ட மேடையில் மேசைமீது வைத்துவிட்டுப் பேசினேன். யாரையும் அழ வைக்கவில்லை. முதலில் எழுந்து வந்தவர் அந்த ஓட்டுநர். மேசை நிறைந்தது, தரையிலும் வைத்தார்கள். என் அடையாள அட்டையை மேலாளர் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். தங்கையின் கதவு இன்னும் திறக்கவில்லை.

நான் சொன்னது இவ்வளவே: “தோழர்களே, இடுப்பிலிருப்பதைக் கழற்றி இங்கே வையுங்கள். வெட்டியதை மீட்டுத் தரும்வரை ஒருவரும் சுரங்கத்தில் இறங்காதீர்கள். நாளையல்ல — இப்போதே கழற்றுங்கள்!”