அறுக்காமல் விட்ட இரண்டு சேவல்கள்

லாம்பாங், வட தாய்லாந்து
சனிக்கிழமை, பதினொன்றாம் தேதி

அன்புள்ள ஃபெம்கே,

நான் உங்களை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. ஆனால் ஊரெல்லாம் அப்படித்தான் பேசுகிறார்கள். நேற்று நூடுல்ஸ் விற்கும் சோம்பூன் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "என்னம்மா, வெள்ளைக்கார மருமக ரெண்டு ராத்திரிகூடத் தாங்கலியாமே? படுக்கையப் பிரிச்சு வச்சா யாருதான் தங்குவா?" தெருவில் நின்று பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். என் மகன்தான் என்றாலும் தனேத்துக்கு எழுதிப் பயனில்லை. நீங்கள் போயிருக்கும் லாந்தா தீவிலிருந்து போன் செய்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவன் 'ம்' என்கிறான். "விடும்மா, அவளுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் வேணும்" என்று வைத்துவிட்டான். உனக்கு என்னிடமிருந்து ரெஸ்ட் வேண்டியிருக்கிறது.

எனக்கும் குறைகள் உண்டு. உள்ளாடைகளை நீ மேல்கொடியில் உலர்த்தினாய். வருகிறவர் போகிறவர் தலையெல்லாம் அதன் கீழே போயின; தலைக்கு மேல் உள்ளாடை தொங்குவது இங்கே அவமரியாதை. நான் கீழ்க்கொடிக்கு மாற்றினேன், நீ மறுபடி மேலே போட்டாய், நான் மறுபடி மாற்றினேன். தெருவில் எல்லாரும் உன்னை வேவு பார்க்கிறார்கள் என்றும் தனேத்திடம் சொன்னாயாம். "எங்க கிளம்பிட்டீங்க, சாப்பிட்டாச்சா?" என்று இங்கே எல்லாரும் எல்லாரையும் கேட்பார்கள். "சும்மா, அப்படியே" என்றால் போதும். நீயோ நின்று, கோவில், அருங்காட்சியகம், பஸ் நேரம் என்று ஒவ்வொருவருக்கும் கணக்கொப்பித்தாய். களைப்பு வராமல் என்ன செய்யும்?

இருக்கட்டும். அறைகள் விஷயத்துக்கு வருகிறேன்.

இது என் அம்மாவின் வீடு. அவளுக்கு முன் அவள் அம்மாவின் வீடு. இறந்துபோன அந்தப் பெண்கள் எல்லாரும் என் அறை மூலையில், நீ பூச்சாடி வைக்கும் இடம் என்று நினைத்தாயே, அந்தப் பலகையில் இருக்கிறார்கள். இந்தக் கூரையின் கீழ் புதிதாக ஒரு ஜோடி ஒன்றாகப் படுப்பதற்கு முன் அவர்களிடம் சொல்லவேண்டும். இரண்டு சேவல் அவித்து, ஒரு புட்டி சாராயம் வைத்து, பெயர் சொல்லி வணங்கவேண்டும். சொல்லாவிட்டால் வீட்டில் யாராவது நோயில் விழுவார்கள் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. நீங்கள் அங்கே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டது பலகையில் இருக்கும் முன்னோருக்குத் தெரியாது. திங்கட்கிழமை வந்தீர்கள். நல்ல நாள் என்று வியாழக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருந்தேன். அதுவரைக்கும்தான் உனக்குக் கிழக்கு அறை, அவனுக்கு மேற்கு அறை. புதன்கிழமை காலையில் பெட்டியோடு இறங்கி வந்தீர்கள்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாய். நான் படித்த கன்னிமாடப் பள்ளியில் இந்தப் பலகையைப் பற்றி ஒரு தடவை ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன். சிஸ்டர் அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதன்பின் ஆங்கிலத்தில் அதைப் பற்றி நான் பேசியதில்லை, எழுதியதுமில்லை, இன்றுவரை. "இந்த வீட்டு விதி" என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். மிச்சத்தைத் தனேத் சொல்வான் என்று நினைத்தேன். அவன், "அம்மா அப்படித்தான்" என்று சொன்னானாம்.

அவன் அப்பா பாங்காக் நகரத்துக்காரர், வங்கி அதிகாரி, சலவைச் சட்டை கசங்காத மனிதர். கல்யாணம் பதிவாகி இங்கே வந்தவர் ஒன்பது இரவு நெல் களஞ்சியத்தில் கொசுவலைக்குள் படுத்தார். அந்த வாரம் ஊரில் நல்ல சேவல் கிடைக்கவில்லை. என் அம்மா ஒவ்வொரு காலையும் அவரிடம், "மாப்பிள, எலி கடிச்சுதா?" என்று கேட்பாள். "கடிக்கல அத்த, சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுச்சு" என்பார் அவர். அவர் இருந்திருந்தால் உன்னைச் சிரிக்கவைத்திருப்பார். எனக்கு அது வராது.

இதற்கெல்லாம் மேலே என் அக்கா புவாகம். "முன்னோருக்குச் சொல்லாம ஒண்ணாப் படுக்க விட்டியோ, உன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன்" என்று என்னைப் பயமுறுத்தியவள் அவள்தான். இப்போது அவளே வீடுவீடாகப் போய், "பாவம் அந்தப் பொண்ணு, என் தங்கச்சி சுமாலிக்கு மனசே கல்லு" என்கிறாள்.

சேவல்கள் இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. வியாழக்கிழமை அறுக்கவேண்டியவை. யாருக்காக அறுப்பது? என் மல்லிகைத் தொட்டிகளைக் கிளறிவிட்டன. காலை நான்கு மணிக்குப் போட்டி போட்டுக் கூவுகின்றன. எதிர்வீட்டில் முறையிட்டுவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு எளிதில்லை என்பதை இதற்குள் நீ தெரிந்துகொண்டிருப்பாய்.

உங்கள் விமானம் இருபத்தாறாம் தேதி. அதற்கு முன் இருபத்துமூன்றாம் தேதி ஒரு வியாழக்கிழமை வருகிறது. நீ வரவேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. வராவிட்டாலும் உன் பெயரை நானே முன்னோரிடம் சொல்லலாம், அதற்கு இடமுண்டு. நேற்று மாலை பலகையின் முன் உட்கார்ந்தபோதுதான், உன் முழுப்பெயர் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. மூன்று நாள் என் மேசையில் சாப்பிட்டிருக்கிறாய். நான் கேட்கவே இல்லை.

கிழக்கு அறையில் இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். கடலில் வெகுதூரம் போகாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் முழுப்பெயரையும், உன் அம்மாவின் பெயரையும், அவள் அம்மாவின் பெயரையும் உன் கையால் ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம்.

உன் கணவனின் தாய்,
சுமாலி