சாவி கைமாறும் இடம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது. காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

கார் வாங்கிய சேதி கட்டிய மனைவிக்குக் கடைசியில்தான் வந்தது. அண்ணன் கார் வாங்கிட்டாராமே, நீங்க சொல்லவே இல்லையே அண்ணி என்று உங்கள் தங்கை கேட்டாள். முன்பே தெரிந்தவள்போல் தலையை ஆட்டிவைத்தேன். வேறென்ன செய்ய?

எனக்குக் கோபம் காரின் மேல் இல்லை. அந்த வெளிநாட்டில் குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை முடித்து, பஸ் இல்லாத ரோட்டில் நடந்து நடந்து உங்கள் குதிகால் வெடித்திருந்ததை வீடியோவில் நானும்தான் பார்த்தேன். பழைய கார் ஒன்று வாங்கியது நியாயம்தான். ஆனால் இந்த ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்டிவிடுகிறேன் என்று சொன்ன மனிதர், அது முடியப்போகிற நேரத்தில் எதற்குக் கார் வாங்குகிறார்? அன்று போனில் கேட்டதற்கு, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டீர்கள்.

உங்களுக்குக் காரை விற்ற வெல்டர் அண்ணன் ஊருக்குக் கிளம்பிய கதையைப் பிறகு போனில் சொன்னீர்களே, அது மனதைவிட்டுப் போகவில்லை. ஊருக்குத் திரும்புகிறவர் கடைசியாக ஒருமுறை தானே ஓட்டிக்கொண்டு விமான நிலையம் போவாராம். வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து போவாராம். வாசலில்தான் சாவி கைமாறுமாம். அங்கே நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானாமே. அவரும் சாவியை உங்கள் கையில் வைத்து, நல்ல வண்டிப்பா, பாத்து ஓட்டு என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். நீங்கள் நம் ஊர்ப் பழக்கத்தில் வலது கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் காணோமே என்று தேடினீர்கள். அங்கே அது இடது பக்கமாமே.

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இறங்கி மறுபக்கம் போக மனசு வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்றீர்களே, போனை வைத்தபின் அதை நினைத்து அழுதேன்.

அந்த வலது பக்கத்துச் சீட் நான் உட்கார வேண்டிய இடம். அதில் யாரையும் ஏற்றாதீர்கள். கூட வேலை செய்கிறவர்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்காரட்டும். காய்கறிப் பை வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும், அதன்மேல் எனக்குப் பொறாமை இல்லை.

மாடி ஒழுகலைச் சரிசெய்துவிட்டேன். தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. நீங்கள் தட்டுகிற இடத்தில் நானும் தட்டிப் பார்த்தேன், அதற்கு என் கை பிடிக்கவில்லை.

பாப்பா கார் படத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். அப்பா இந்தக் கார்லயே வந்துடுவாராம்மா என்று கேட்டாள். கார் கடலைத் தாண்டாது கண்ணு என்றேன். அப்போ எதுக்கு வாங்கினாரு என்றாள். அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

வண்டியைக் கழுவித் துடைத்து, ஒரு கீறல் படாமல் வைத்திருங்கள். எண்ணெய் மாற்றச் சோம்பல்படாதீர்கள். உங்களிடமிருந்து வாங்கப்போகிறவர் நல்ல மனிதராக, அவசரக்காரராக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓட்டுங்கள். என் இடத்தில் அவர் ஒருவர் மட்டும் உட்காரலாம்.

சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் உட்கார்வது என்று நான் சொல்கிறேன்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா