உன் கண்ணில் இருந்த பச்சை வளையம்

என் செல்ல மாப்ளே செந்திலு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு எவனாவது அங்கே வந்து உன்னிடம் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்வதுதான் மரியாதை. உன் கருமாதியில் உன் மச்சான் நான் மயங்கி விழுந்துவிட்டேன். துக்கம் தாங்காமல் விழுந்தேன் என்று வெளியூர்ச் சனம் பேசிக்கொள்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் ஊசியைப் பார்த்து விழுந்தேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உனக்கு ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் நீ கண்ணை மூடிக்கொள்வாய். "ட்ரம் ட்ரம்மா சிவப்புச் சாயம் கலக்குறவன் ஒரு சொட்டு சிவப்புக்கு இப்படி நடுங்கறயேடா" என்று எவ்வளவு ஓட்டினேன். அதெல்லாம் திரும்பி என் மேலேயே வந்து விழுந்துவிட்டது. நீ பார்க்கக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

எழுதிப் பழக்கமில்லை எனக்கு. கட்டிங் மாஸ்டர் எழுதுவதெல்லாம் துணி மேலே சாக்பீஸில்தான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கை ஆட ஆரம்பித்ததை நாங்கள் எல்லோரும் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். சாயப்பட்டறை லேபில் கலர் மேட்சிங் பார்த்தவன் நீ. கண்ணாடிக் குழாயில் சாயத்தைச் சொட்டு சொட்டாக விட வேண்டிய கை, டம்ளரைப் பிடித்தால் டம்ளர் ஆடியது. பேச்சும் குழறியது. ஊர் வேறு என்ன சொல்லும்? பையன் குடிக்கிறான் என்றது. பட்டறையில் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

பல்லடம் ரோட்டில் போலீஸ்காரர் உன்னை நிறுத்தி மிஷினில் ஊதச் சொன்ன கதையை நீயே வந்து சொன்னாய். ஊதினாயாம், ஒன்றும் காட்டவில்லையாம். மறுபடி ஊதச் சொன்னாராம். "மிஷின் என்னை நம்புதுங்க மச்சா, எங்கம்மாதான் நம்ப மாட்டேங்குது" என்றாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். சிரிக்கும்போது உன் வாயோரத்தில் எச்சில் வழிந்தது, அதை நீ சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாய். அந்தத் துடைப்பு எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

குண்டடத்தில் பொண்ணு பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா. அந்தப் பிள்ளை கொடுத்த காபி உன் வேட்டி பூராவும் கொட்டியது. "மாப்பிள்ளைக்கு வெக்கம் கைக்கு வந்துருச்சுங்க, மத்தவங்களுக்கு மூஞ்சிலதான் வரும்" என்று நான் சொன்னேன். சபையே சிரித்தது. அந்தப் பிள்ளைகூட சிரித்தாள். அப்புறம் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. நீ அந்த வேட்டியைத் துவைக்கவே இல்லை என்று உன் அக்கா தனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் பெட்டியில் இப்போதும் இருக்கிறது, கறையோடு.

கடைசியில் மஞ்சள் காமாலை என்று போன இடத்தில்தானே அந்த டாக்டரம்மாவைப் பார்த்தோம். உலோகத்துக்கும் ரத்தத்துக்கும் உள்ள சங்கதியை ஆராய்ச்சி பண்ணுகிறவர் என்றார்கள். எனக்குத் தெரிந்த உலோகம் கத்தரிக்கோல் ஒன்றுதான். அவர் உன் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார், கருவிழியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது என்றார். படிக்கிற பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். வரிசையாக வந்து உன் கண்ணைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் பாத்தாச்சுங்களா? அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் போடலாங்களா?" என்றாய். அப்புறம் கண்ணாடி வாங்கி நீயே பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். "ஆலிவ் பச்சைங்க மேடம். கடுகு மஞ்சள் கொஞ்சூண்டு விழுந்திருக்குது. இந்த ஷேடு எங்க லேப்ல சீக்கிரத்துல சிக்காது" என்றாய். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது மாப்ளே.

தாமிரம் என்றார். நாம் தின்கிற எல்லாவற்றிலும் துளித்துளி தாமிரம் இருக்கிறதாம், உடம்புக்கு அது வேண்டுமாம். மிஞ்சினதை ஈரல்தான் வெளியே தள்ள வேண்டும். உன் ஈரலுக்கு அது பிறவியிலேயே தெரியவில்லை. ஈரலில் சேர்ந்து, நிறைந்து, ரத்தத்தில் வழிந்து, மூளைக்கும் கண்ணுக்கும் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு இது விளங்கவில்லை என்று நீதான் திருப்பூர் பாஷையில் சொல்லிக்கொடுத்தாய். "சாயத்தண்ணி உள்ள வரத்தாங்க மச்சா செய்யும். சுத்தம் பண்ணி வெளிய விடற பிளாண்ட்டு நமக்கு இல்லீங்க. பொறக்கறப்பவே லைசென்ஸ் இல்லாம ஆரம்பிச்ச பட்டறைங்க நானு."

அப்போது எனக்குச் சட்டென்று அந்தச் செம்பு பாட்டில் நினைவு வந்தது. தீபாவளிக்கு எங்கள் கம்பெனியில் ஆளுக்கொன்று கொடுத்தார்களே, செம்பில் ஊற்றிவைத்த தண்ணீர் ஈரலுக்கு நல்லது என்று ஊரே பேசியதே. காமாலைக்காரன் குடிக்கட்டும் என்று தனம் என்னுடையதை உனக்குக் கொடுத்தாள். தினமும் விடியக்காலை அதில்தானே குடித்தாய். தனம் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுனாலதானுங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, இது பிறவியிலேயே வந்தது. நீங்க மோர் குடுத்திருந்தாலும் வந்திருக்கும்" என்றார். தனம் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். என்னிடம் கேட்பதில்லை. பாத்திரம் விளக்கும்போது தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள்.

முன்னாலேயே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே நின்றிருக்கும் என்றார் டாக்டரம்மா. உனக்கு ஈரல் முழுசாகப் போய்விட்டிருந்தது. வேறு ஈரல் வைக்க வரிசையில் பெயர் கொடுத்தோம். வரிசை நகரவில்லை, நீ நகர்ந்துவிட்டாய்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் பண்ணினாய் பார். உன் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்டபோது, கண்ணை மூடிக்கொள்ளாமல் கையை நீட்டினாய். "எனக்கு இது உதவாதுன்னு தெரியுமுங்க" என்றாய். அவர்கள் போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். பேச்சு பாதி வரவில்லை, ஆனாலும் புரிந்தது. "கீர்த்திக்கு எடுத்துப் பாத்துருங்க மச்சா. அண்ணன் ஊட்டுப் புள்ளைகளுக்கும். நம்ம ரெண்டு ஊடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுங்க."

அது எனக்கும் தெரிந்ததுதான். என்னைப் பெற்றவளும் உன் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். மாமன் மகளைக் கட்டினவன் நான். இந்த நோய் அப்பன் பக்கம் பாதி, ஆத்தா பக்கம் பாதி வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வருமாம். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று கட்டிக்கட்டியே இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். கீர்த்தி என் ஒரே மகள் மாப்ளே. அவளுக்கும் உன்னை மாதிரியே கன்னத்தில் குழி விழும். குழியோடு இதுவும் வந்திருக்குமோ என்று நினைத்த ராத்திரிகளை உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது.

சிக்கல் உன் அண்ணன் குமரேசன்தான். அவன் மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "ரத்தத்துல கோளாறுன்னு பேரு வந்துட்டா எவனுங்க மச்சா எம்புள்ளையக் கட்டுவான்? செத்தவன் செத்துட்டான், இருக்கறவளைச் சாகடிக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அவன் சொன்னதால் மற்றவர்களும் பின்வாங்கினார்கள். ஆளாளுக்கு ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னால் ஒரு பயலும் வரமாட்டான் என்று தெரிந்துவிட்டது.

சொந்தபந்தம் மொத்தமும் ஒரே பந்தலில் உட்காருகிற நாள் எது? உன் கருமாதிதான். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "சாவு வீட்டிலா?" என்று தயங்கினார். "அவன் கூப்பிடறதா நெனச்சுக்கங்க" என்றேன். ரத்தம் வைக்கிற ஐஸ் பெட்டியோடு, ஒரு நர்சுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கொள்ளி வைத்தவனுக்குத் தலையில் துண்டு கட்ட வேண்டியது மச்சான்காரன். அது கட்டாமல் காரியம் முடியாது, காரியம் முடியாமல் பந்தியில் இலை விழாது. குமரேசன் மொட்டையடித்துத் தலையைக் குனிந்து நிற்கிறான். நான் துண்டை என் தோளில் போட்டுக்கொண்டு, "மொதல்ல கையை நீட்டு மாப்ளே. அப்புறம் தலையை நீட்டலாம்" என்றேன்.

"ஏனுங்க வேலுச்சாமி, இதென்ன கூத்துங்க? எழவு ஊட்டுல எகத்தாளமுங்களா?" என்றார் ஒரு பெரியவர்.

"எகத்தாளம் இல்லீங்க சாமி. செத்தவன் கேட்டதுங்க. எனக்கும் ஒரே புள்ளைங்க" என்றேன். சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். என்னை அப்படி அவர்கள் பார்த்ததில்லை. ஏதோ நக்கலடிக்கப் போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

குமரேசன்தான் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப நீங்க மொதல்ல குடுங்க மச்சா."

நியாயம்தானே. சட்டைக் கையை மடித்துவிட்டு ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நர்சுப் பிள்ளை ஊசியை உறையிலிருந்து எடுத்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது குமரேசன் மடியில் என் தலை, கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு. உனக்குப் படைக்க வைத்திருந்த சோடாவை என் மூஞ்சியில் அடித்திருந்தான். தோளில் இருந்த துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே சிரித்தான். பந்தலே சிரித்தது. உன் அம்மாகூட, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு.

"இவரே குடுத்துட்டாரு, நமக்கென்ன" என்று குமரேசன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் வாதாடி வராத கூட்டம், விழுந்ததும் வந்தது. எல்லோரும் கொடுத்து முடித்த பிறகுதான் துண்டு கட்டினேன். ஈரத்துண்டுதான்.

இப்போது சேதிக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றிச்சுற்றி எழுதியதே இதைச் சொல்லப் பயந்துதான்.

குமரேசன் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. எனக்கும் தனத்துக்கும் ஆளுக்குப் பாதி இருக்கிறது, அது எங்களை ஒன்றும் செய்யாது. கீர்த்திக்கு இரண்டு பாதியும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

டாக்டரம்மா சொன்னபோது நான் ஏதாவது தமாஷ் சொல்லிவிடலாம் என்று தேடினேன். கீர்த்திதான் கேட்டாள்: "செந்தில் மாமா கண்ணு மாதிரி எனக்கும் வந்துருங்களா?" வராது என்றார். கண்ணில் வளையம் இல்லை, கை ஆடவில்லை, ஈரல் இப்போதுதான் லேசாகத் தாமிரம் சேர்க்க ஆரம்பித்திருக்கிறது. துத்தநாக மாத்திரை, ஆயுசுக்கும். ஒரு உலோகம் குடலில் வாசற்படியில் நின்றுகொண்டு இன்னொரு உலோகத்தை உள்ளே விடாமல் தடுக்குமாம். ஒழுங்காகச் சாப்பிட்டு, அப்பப்போ ரத்தம் பார்த்துக்கொண்டால் கல்யாணம் காட்சி எல்லாம் பண்ணலாம், பேரன் பேத்தி எடுக்கலாம் என்றார்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க மச்சினர் ரத்தம் குடுக்காம போயிருந்தா, உங்க குடும்பத்து மரபணுவுல எந்த இடத்துல தப்புன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அவர்கிட்ட கண்டதைத்தான் உங்க பொண்ணுகிட்ட தேடினோம்" என்றார். நான் வெளியே வந்து மருந்துக் கடை ஓரத்தில் நின்றுகொண்டு அழுதேன் மாப்ளே. என் பிள்ளை பிழைத்தாள் என்றா, நீ போனாய் என்றா? இரண்டையும் பிரித்து அழ எனக்குத் தெரியவில்லை.

கீர்த்தி இப்போதும் விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று கண் இமையை விரித்துப் பார்த்துக்கொள்கிறாள். நான் பார்க்காத மாதிரி பல் விளக்குகிறேன். தாமிரம் அதிகம் என்று அவளுக்குக் காளான் ஆகாது என்றுவிட்டார்கள், நிலக்கடலை, சாக்லேட்டுகூட ஆகாது. நெருப்பெரிச்சல் ஊர் முக்கில் காளான் கடையைத் தாண்டும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். நானும் காளானை விட்டுவிட்டேன். அந்தச் செம்பு பாட்டில் இப்போது என் கட்டிங் டேபிளில் துணி பறக்காமல் இருக்க வெயிட்டாக நிற்கிறது. அதை எறியவும் மனசு வரவில்லை. நீ வாய் வைத்ததல்லவா.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் அவளுக்குக் குமட்டுகிறது. ஒருநாள் தூக்கி எறிந்துவிட்டு, "நீங்க போட்டுப் பாருங்கப்பா அப்பத் தெரியும்" என்றாள். அன்றிலிருந்து என் பிரஷர் மாத்திரையையும் அவளோடு சேர்ந்துதான் போடுகிறேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கல்யாணத்தில் பாயசம் குடிக்கிற மாதிரி டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டு விழுங்குகிறோம். உனக்குக் கொடுக்கிற வாக்கு இதுதான் செந்திலு. நான் இருக்கிற வரைக்கும் அவள் ஒருநாளும் தனியாக மாத்திரை விழுங்கமாட்டாள். அந்தப் பச்சை உன் கண்ணோடு போகட்டும். அவள் கண்ணுக்கு அது வராது, வர விடமாட்டேன்.

இன்று காலை மாத்திரை மாறிவிட்டது. கீர்த்தி தன் கையில் இருந்தது என் பிரஷர் மாத்திரை என்று பார்த்து வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து தன்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அதற்குள் அவளுடையதை விழுங்கியிருந்தேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஒன்றும் ஆகாது, வயிற்றைப் பிரட்டலாம் என்றார். கம்பெனிக்குப் போனேன். கட்டிங் டேபிளில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அதன் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அந்தத் துணியை அலசி, கருநீலச் சாயம் போட்டு, பனியனாகத் தைத்துக் காதர்பேட்டை மார்க்கெட்டுக்கு செகண்ட்ஸ் சரக்காக அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டி, உன்னை ஓட்டியே காலம் கழித்த மச்சான்,
வேலுச்சாமி