கடல் வேண்டாமுங்க

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. அறை முழுக்கப் பசை வாடை.

பனியன் கம்பெனியில் பழைய அடையாள அட்டைகளைக் குப்பையில் கொட்டியபோது ஒரு பெண்ணின் படத்தை எடுத்து வந்தேன். யாரென்று தெரியாது. குப்பையில் கிடைக்கும் படங்களை ஒட்டி, கதை எழுதி நான் செய்யும் மற்ற அஞ்சலட்டைகளைப் போலத்தான் இதையும் செய்தேன். பனியன் கழுத்தில் தைத்து மிச்சமான நீல லேபிள்களை வெட்டிக் கடலாக்கி, நடுவில் அவளை ஒட்டினேன். பின்பக்கம் அவளே எழுதுவதுபோல ஒரு கதை: 'அம்மா, கடலோரம் வீடு பார்த்துவிட்டேன். சுகமாக இருக்கிறேன்.'

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சரசக்கா இன்று மாலை மோர் கொடுக்க வந்தார். சுவரில் அந்த அட்டையைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எம் புள்ளதானுங்க கண்ணு. வேலைக்குன்னு போனவ இன்னும் ஊடு திரும்பல."

அட்டையைத் திருப்பிப் படித்தார். அது நானாகக் கட்டிய கதை என்று சொன்னேன். எனக்கெதற்கு இந்த வேலை? அவர் அழவில்லை.

"தெரியுதுங்க கண்ணு. ஆனா கடல் வேண்டாமுங்க. அவளுக்குத் தண்ணின்னா பயம். ஏதாச்சும் மலைமேல கொண்டுபோய் வெச்சிருங்க. காலைல வந்து வாங்கிக்கறேன்."

காலண்டரிலிருந்து ஒரு மலையை வெட்டி வைத்தேன். ஆனால் அவளைக் கடலிலிருந்து உரிக்க முடியவில்லை. பசை இளகட்டும் என்று ஈரத்துணியால் ஒற்றினேன். தோள் பிரிந்து வந்தது, முகம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நனைத்தேன்.

இப்போது அந்த முகம் ஊறி உப்பிப்போய்விட்டது. மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறேன். காயமாட்டேன் என்கிறது.

சரசக்கா வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது.