தேய்த்துவிட்ட கத்தி

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான்.

பட்டறையில் புது எஃகுக் கத்திகளின் மேல்பூச்சை உரித்து, சீக்கிரம் துருப்பிடிக்காமலிருக்க வினிகரில் ஊறவைத்துச் சாம்பல் நிறம் ஏற்றுகிறேன். நேற்று, ஒரு சமையல்காரர் கூர்தீட்டக் கொடுத்த பழைய கத்தியையும் கறை என்றெண்ணிப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“பன்னெண்டு வருஷம் என் பொண்டாட்டி காய் நறுக்கி ஏறின நிறம், பெரியவரே. அவ போனப்புறம் அதுதான் மிச்சம்.”

“அதே நிறம் ஏத்தித் தரேங்க.”

“உங்க வினிகருக்கு அவ கை வருமா?” என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

மாத்திரையை மறக்காதே. மருமகன் வரும்போது, நீ காய் நறுக்கும் கத்தியைக் கொடுத்தனுப்பு, என்னோடு இருக்கட்டும். துடைத்தால் போதும், தேய்க்க வேண்டாம்.

வேலைக்கு மணியடித்துவிட்டது.

பாப்பாவின் அப்பா