மரணக் கிணற்றின் விளிம்பில் ஒரு கை

என் பிடிவாதக்காரத் தங்கை சரோஜாவுக்கு,

இன்று ஏப்ரல் பத்தொன்பது. எனக்கு எழுபத்தாறு வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. நீ போன ஐப்பசியில் போர்வைக்குள் படுத்தபடியே போய்விட்டாய். மரணக் கிணற்றின் சுவரில் அத்தனை ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டியவளுக்கு இது சற்றும் பொருந்தாத சாவு. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன்.

அழுவதற்காக எழுதவில்லை. உன் பேத்தி பிரபாவைப் பற்றி எழுதுகிறேன். அடுத்த மாதம் ஊட்டி சீசனுக்குப் பொருட்காட்சி வருகிறது. அதில் கிணறு உண்டு. ஓட்டப்போகிறவள் அவள்தான்.

நேற்று உன் மகள் சுமதி அவளை அரவேணுவிலிருந்து இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியம்மா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. காலேஜுல பிசிக்ஸ் சொல்லிக் குடுத்தவங்க நீங்க. நீங்க சொன்னா கேப்பாளுங்க."

"எங்கிட்டப் படிச்சவளுகளே கேட்டதில்ல. இவளா கேக்கப்போறா?"

பிரபா சிரித்தாள். உன் சிரிப்புதான், கடைவாய்ப்பல் மட்டும் இருக்கிறது. "பெரிய அம்மிச்சி, கோயம்புத்தூர்ப் பக்கம் பார்க்குல தலைகீழாச் சுத்துற வண்டியில ஏற ஜனங்க காசு குடுக்குறாங்க. எனக்கு அவங்களே காசு குடுத்துச் சுத்தச் சொல்றாங்க. இதுல யாருங்க புத்திசாலி?"

அவளுக்குப் பாடம் நடத்தினேன். போர் விமானிக்கு மட்டும் உரியது என்று மனிதர்கள் நினைக்கும் விசையை, ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் பலகைச் சுவரும் சாதாரணப் பெண்ணுக்குக் கொடுத்துவிடும். கிணற்றில் ஓட்டிய காலத்தில் நீ ஐம்பது கிலோ. சுவரில் முழு வேகத்தில் சுற்றும்போது உன் எடை மூன்றரை மடங்கு. தாடை கீழே இழுபடும். கை ஈயக்குண்டாகும். இதயம் இறைக்கிற இரத்தம் தலைக்கு ஏறாமல் காலில் போய்த் தேங்கும். நீ என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"மொதல்ல நெறம் போயிருதுக்கா. செவப்புச் சேலை சாம்பலாத் தெரியும். அப்புறம் ரெண்டு பக்கமும் இருட்டு. மேல பார்த்தா மூஞ்சியே தெரியாது, நோட்டு நீட்டுற கைங்க மட்டுந்தான் தெரியும்."

அதற்காகத்தான் நீ ஈரச் சேலைத் துணியை வயிற்றிலும் தொடையிலும் மூச்சு முட்டும்படி இறுக்கிக் கட்டினாய். விமானிகளுக்குக் காற்று நிரப்பிய உடை அதே வேலையைத்தான் செய்கிறது என்று நான் புத்தகத்தில் கண்டுபிடித்துச் சொன்னபோது, "அப்ப அவங்களும் நம்ம சாதிதான்" என்றாய்.

விசையைப் பற்றி உனக்கு முதற்பாடம் நடத்தியவர் அப்பா. பொருட்காட்சிக்காரனோடு போகப்போகிறேன் என்று அடுக்களையில் நின்று நீ சொன்ன மாலை. உன் கன்னத்தில் மூன்று விரல்கள் பதிந்தன. அவருடைய நடுவிரலைத் தேயிலை ஆலையின் உருளை ஏற்கெனவே விழுங்கிவிட்டிருந்ததால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பிறகு விறகுக்கட்டை. உன் தலை சுவரில் மோதிய ஓசை, தேங்காய் உடைப்பதைப் போலவே இருந்தது. கடைவாய்ப்பல் அடுப்படியில் தெறித்தது. நீ அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வாயில் இரத்தத்தோடு வெளியேறினாய்.

"இனிமே இந்த ஊட்டுல அவ பேரைச் சொன்னா நாக்கை அறுத்துருவேன்" என்றார். யாரும் சொல்லவில்லை. நாக்கு எல்லோருக்கும் தேவைப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து நீ ஊட்டிக்கு வந்தாய், கிணற்றோடு. விளிம்பில் நின்று பார்ப்பவர்கள் நோட்டை நீட்டுவார்கள். நீ சுவரின் உச்சிக்கு ஏறி, ஒரு கையை விட்டு, பறித்துக்கொண்டு போவாய். நீட்டுகிறவனுக்கு ஒரே விதி: தொட்டவுடன் விட்டுவிட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கம்பளிக் கையுறை போட்ட ஒரு கை விடவில்லை. நோட்டோடு உன் விரல்களையும் பற்றியது. உன் தோள் பிசகிய சத்தம் இன்ஜின் இரைச்சலை மீறிக் கேட்டது. வண்டி குறுக்கே திரும்பி, நீயும் அதுவும் ஒன்றாய்க் கட்டிய மூட்டையாய்த் தரைக்கு வந்தீர்கள். உன்னை நொறுக்கியது வேகம் அல்ல. அத்தனை வேகமும் ஒரு சாண் தூரத்துக்குள் தீர்ந்துபோனதுதான். அதைக் கணக்கிட்டால் மூன்றரை மடங்கெல்லாம் குழந்தைத் தொட்டில். தொடையெலும்பு துணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சூடான சைலன்சர் உன் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டு பொசுங்கியது. மேலே நின்ற கூட்டம் இதுவும் வித்தை என்று நினைத்துக் கைதட்டியது.

காலில் கம்பி வைத்தார்கள். அடுத்த சீசனில் நீ மறுபடியும் ஏறினாய். ஆனால் சாகும்வரை அந்தக் கையுறையை நீ விடவில்லை. சோறு போட்டுக்கொண்டே திட்டுவாய். "ஏக்கா, அவன் மட்டும் எங்கையில கெடைச்சான்னா, அந்தக் கையை அம்மியில வச்சு நசுக்கிருவேன்." சுமதி கதையாகக் கேட்டு வளர்ந்ததே அந்தக் கையுறைக்காரனைத்தான். அவளுடைய பயம் கிணறு அல்ல, அவன்.

"அவன மாதிரி எவனாச்சும் மறுபடியும் வந்தான்னா?" என்று நேற்றும் கேட்டாள்.

"கையுறை போட்ட கையில நோட்டு வாங்காதடி" என்றேன் பிரபாவிடம்.

"ஊட்டியில கையுறை இல்லாத கைக்கு நான் எங்கீங்க போவேன்?"

நியாயம்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைக்கவசம் போடு, வயிற்றைக் கட்டு, கண்ணில் நிறம் போனால் கீழே இறங்கு என்றேன். சுமதி காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள். உன்னைத் தடுத்தவர் என்ன சாதித்தார் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மற்றதையும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

ஆகவே உனக்கு ஒரு வாக்கு. பிரபா ஓட்டும் முதல் நாள் நான் அந்தப் பலகைப் படிகளில் ஏறுவேன். முழங்கால் என்ன சொன்னாலும் சரி. விளிம்பில் நின்று, வெறுங்கையால், நோட்டின் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்து நீட்டுவேன். அவள் தொட்டவுடன் விட்டுவிடுவேன். நம் குடும்பத்தில் ஒருவராவது அதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

நீ விழுந்த அன்று நான் மேலே நின்றிருந்தது உனக்குத் தெரியும். என் பக்கத்தில் யார் நின்றார் என்று நீ ஒருபோதும் கேட்கவில்லை. அப்பா நின்றார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்த வாரம் முழுவதும் வந்தார். உன்னைத் தரையில் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில் ஒன்றே ஒன்று சொன்னார்: "புடிச்சா வந்துருவாள்னு நெனச்சேன்." ஓடுகிற உருளையைக் கையால் நிறுத்த முடியாது என்று விரலைக் கொடுத்துப் படித்தவர் அவர். உன்னைக் கூட்டிவரப் பார்த்தாரா, கீழே தள்ளப் பார்த்தாரா? இரண்டுக்கும் அவருடைய கை ஒரே மாதிரிதான் நீளும்.

திட்டுவதற்கு உனக்கு ஓர் அந்நியன் இருந்தான். அவனை உன்னிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது இதையும் வைத்துக்கொள். நீ அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அந்தக் கறுப்புக் கையுறையின் நடுவிரலுக்குப் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்தவள் நான்.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா ராஜம்மாள்